லினக்ஸுக்கு வைரஸ் வராதாம்: இந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை?

திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு போட்டோக்கொப்பிக் கடை. போன மாதம் அங்கே பிரின்ட் எடுக்கப் போனபோது தம்பலகாமத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை அழாத குறையாக நின்றுகொண்டிருந்தாள். பென்ட்ரைவில் அவளுடைய செயற்திட்ட அறிக்கை முழுவதும் இருக்கிறது, ஆனால் கடைக் கணினியில் செருகினால் எல்லா போல்டரும் ஷோர்ட்கட்டாக மாறி நிற்கிறது. "எல்லாம் அழிஞ்சு போச்சு அண்ணா, நாளைக்குக் குடுக்கோணும்" என்றாள். என் பையில் வின்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்ட பழைய லப்டொப் ஒன்று இருந்தது. அதில் செருகிப் பார்த்தால் அறிக்கையும் படங்களும் வைத்த இடத்திலேயே இருந்தன. கூடவே அவள் ஒருநாளும் போடாத ஒரு சின்னக் கோப்பும் இருந்தது.

உடனே கடையில் நின்றவர்கள் பேசத் தொடங்கினார்கள். லினக்ஸுக்கு வைரஸே வராது என்றார் ஒருவர். நல்ல அன்டிவைரஸ் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினால் இந்தப் பிரச்சினையே வராது என்றார் இன்னொருவர். லினக்ஸ் எழுதப்பட்டிருப்பதை யாரும் திறந்து பார்க்கலாமாமே, அப்படியென்றால் கள்ளனுக்கு வீட்டு வரைபடத்தைக் கொடுத்த மாதிரித்தானே என்று மூன்றாமவர் கேட்டார். மூன்று பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் மூன்றில் எதை முழுதாக நம்பினாலும் கணினி மாட்டிக்கொள்ளும். அன்றைக்கு நின்ற நிலையில் சொல்ல முடியாததை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

வைரஸ் என்பது ஒரு சமையல் சீட்டு

கலியாண வீட்டுச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். தலைமைச் சமையற்காரர் கையில் ஒரு சீட்டு இருக்கிறது, அதில் எழுதியபடி உதவிக்கு வந்தவர்கள் வெட்டுகிறார்கள், வதக்குகிறார்கள், இறக்குகிறார்கள். யார் எழுதிய சீட்டு, ஏன் இத்தனை உப்பு என்று யாரும் கேட்பதில்லை. கணினியும் அப்படித்தான், அதன் கையில் கொடுக்கும் சீட்டுக்குப் பெயர் நிரல். வட்ஸ்அப் ஒரு நிரல், கல்குலேட்டர் ஒரு நிரல். யாரோ ஒருவன் சமையலறைக்குள் நுழைந்து, நமக்குக் கெடுதல் செய்யும் சீட்டொன்றைச் சமையற்காரர் கையில் திணித்துவிட்டால் அதுதான் தீங்குநிரல். தன்னைத் தானே நகல் எடுத்துப் பரவுகிற ஒரு வகைக்குத்தான் சரியாகப் பார்த்தால் வைரஸ் என்று பெயர். பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் வைரஸ் என்கிறோம், நானும் இங்கே அப்படியே சொல்கிறேன்.

இதில் கவனிக்க வேண்டியது, சீட்டு மேசையில் கிடப்பதால் மட்டும் ஒன்றும் நடக்காது, யாராவது எடுத்துச் சமைக்க வேண்டும். அந்தப் பிள்ளையின் பென்ட்ரைவில் நடந்ததும் இதுதான். வேறெங்கோ ஒரு வின்டோஸ் கணினியில் ஓடிக்கொண்டிருந்த வைரஸ், பென்ட்ரைவில் இருந்த உண்மையான போல்டர்களுக்கு "மறைவாக இரு" என்று குறியிட்டுவிட்டு, அதே பெயர்களில் ஷோர்ட்கட்டுகளை வைத்திருக்கிறது. போல்டர் என்று நினைத்து ஷோர்ட்கட்டை இரண்டு தரம் தட்டினால் வைரஸ் ஓடும், அந்தக் கணினியும் தொற்றும். எதுவுமே அழியவில்லை. வின்டோஸ் அந்த மறைவுக் குறியை மதிக்கிறது. லினக்ஸ் பொதுவாக அதைக் கண்டுகொள்வதில்லை, அதனால் எல்லாம் தெரிந்தது. என் லப்டொப் வைரஸை வென்றது என்று கடையில் நின்றவர்கள் நினைத்தார்கள். உண்மையில் அந்தச் சீட்டு வின்டோஸ் சமையலறைக்காக எழுதப்பட்டது, என் லப்டொப்புக்கு அதை வாசிக்கவே தெரியாது.

ஆக இதுவரை: வைரஸும் ஒரு நிரல்தான். அது ஓடினால்தான் கெடுதல், அதுவும் எந்த இயங்குதளத்துக்காக எழுதப்பட்டதோ அதில்தான் ஓடும். இயங்குதளம் என்பது அந்தச் சமையலறை முழுவதையும் நிர்வகிக்கும் மென்பொருள். வின்டோஸ், லினக்ஸ், அன்ட்ரொயிட் எல்லாம் இயங்குதளங்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் பிள்ளைகள் பணிசெயல் முறைமை என்று படிப்பதும் இதைத்தான்.

அன்டிவைரஸ் எப்படிப் பிடிக்கிறது?

சோதனைச் சாவடி எப்படி வேலை செய்யும் என்று எங்களூர் ஆட்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஒரு பட்டியல் இருக்கும், அடையாள அட்டையை வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அன்டிவைரஸின் அடிப்படை வேலையும் அதுதான். ஏற்கெனவே பிடிபட்ட வைரஸ்களின் உள்ளே இருக்கும் தனித்துவமான துண்டுகளை எடுத்துப் பட்டியலிட்டு வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு துண்டுக்குக் கையொப்பம் என்று பெயர். நீங்கள் திறக்கும் ஒவ்வொரு கோப்பையும் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்தினால் நிறுத்திவிடும்.

பட்டியலில் இல்லாதவன் வந்தால் என்ன செய்வது? அதற்காக நடத்தை கண்காணிப்பு என்று இரண்டாவது முறை ஒன்று வந்தது. அட்டை சரியாக இருந்தாலும், ஆள் இரவு இரண்டு மணிக்கு ஒவ்வொரு வீட்டுப் பூட்டையும் இழுத்துப் பார்த்தால் சந்தேகம் வரும்தானே? ஒரு நிரல் திடீரென்று உங்கள் ஆயிரம் படங்களையும் ஒன்றொன்றாகத் திறந்து பூட்டத் தொடங்கினால், பெயர் தெரியாவிட்டாலும் அதைத் தடுக்க வேண்டும் என்று அன்டிவைரஸ் ஊகிக்கிறது. ஊகம் என்பதால் சில நேரம் நல்ல நிரலையும் பிடித்து வைக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. எல்லாவற்றையும் சோதிக்க வேண்டுமென்றால் அந்தக் காவலாளிக்கு எல்லா அறைச் சாவியும் கொடுக்க வேண்டும். அப்படிச் சாவி வைத்திருப்பவன் தடுக்கி விழுந்தால் வீடே விழும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பிழையான அப்டேட், சுமார் 85 லட்சம் வின்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. விமான நிலையங்களும் வைத்தியசாலைகளும் தடுமாறின. அதற்குக் காரணம் எந்த வைரஸும் இல்லை, காவலாளியின் பிழைதான். இதற்காக அன்டிவைரஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் முழு அதிகாரம் கொடுத்து ஒன்றை உள்ளே விடுகிறோம் என்பது தெரிந்து விட வேண்டும். இணையத்தில் எங்கோ கிடைத்த, கிராக் செய்த (உரிமப் பூட்டை உடைத்த) அன்டிவைரஸைப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது, ஏனென்றால் அந்த முழுச் சாவிக்கொத்தையும் முகம் தெரியாத ஒருவன் கையில் கொடுக்கிறார்கள்.

கரையில் ஏற்றிய வள்ளமும் மூடிய எஞ்சினும்

இனி மூன்றாமவரின் கேள்வி. கடற்கரையில் ஒரு வள்ளத்தை ஏற்றிப் பழுது பார்க்கும்போது போகிற வருகிற எல்லோரும் அதைப் பார்க்கலாம். வெடிப்பு எங்கே, ஒட்டு எங்கே, எத்தனை தரம் பைபர் பூசியிருக்கிறார்கள் என்று தெரியும். தெரிந்தவன் ஒருவன் "இந்த இடம் கசியும்" என்று சொல்லிவிட்டுப் போவான், சில நேரம் தானே இறங்கி ஒட்டிக் கொடுப்பான். அதே வள்ளத்தில் பூட்டியிருக்கும் வெளியிணைப்பு எஞ்சினை நாம் வாங்கிப் பாவிக்கிறோம், ஆனால் அதன் வரைபடம் கம்பனியிடம் இருக்கிறது, உள்ளே ஏதும் பிழையென்றால் அவர்கள் தரும் உதிரிப்பாகம்தான் தீர்வு.

மனிதர்கள் எழுதுகிற வடிவத்தில் இருக்கும் நிரலுக்கு மூலநிரல் என்று பெயர். அதை எவரும் வாசிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பகிரலாம் என்று அனுமதி கொடுத்தால் அது திறந்தமூல மென்பொருள். ஃபின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் அப்படிப்பட்டது. மூலநிரலைக் கம்பனி தன்னிடமே வைத்துக்கொண்டு, பாவிக்கும் உரிமையை மட்டும் நமக்குத் தந்தால் அது தனியுரிம மென்பொருள். மைக்ரோசொப்டின் வின்டோஸ் இந்த வகை. இதில் ஒன்றைக் கவனியுங்கள், இந்த வித்தியாசம் உரிமை பற்றியது, விலை பற்றியது இல்லை. தனியுரிம மென்பொருள் இலவசமாகவும் கிடைக்கும், திறந்தமூலத்துக்குச் சேவை வழங்கிக் காசு சம்பாதிக்கும் பெரிய நிறுவனங்களும் இருக்கின்றன.

வரைபடம் தெரிந்தால் கள்ளனுக்கு வசதிதானே? வசதிதான், ஆனால் வரைபடத்தை மறைத்து வைப்பதை மட்டும் நம்பும் பூட்டு நல்ல பூட்டில்லை. வின்டோஸின் மூலநிரல் வெளியே இல்லை, ஆனாலும் ஒவ்வொரு மாதமும் அதில் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன, மைக்ரோசொப்ட் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை அவற்றை அடைக்கும் அப்டேட்டுகளை வெளியிடுகிறது. மறைத்தாலும் தேடுகிறவன் தேடிக் கண்டுபிடிப்பான்.

எல்லோரும் பார்க்கலாம் என்றால் பாதுகாப்புத்தானே என்று மறுபக்கம் சாய்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பார்க்கலாம் என்பது வேறு, யாராவது பார்த்தார்களா என்பது வேறு. ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறந்தமூல மென்பொருள்தான் உலகத்தின் ஏராளமான இணையத்தளங்களின் பூட்டு. 2012இல் அதற்குள் புகுந்த ஹார்ட்பிளீட் என்ற பிழை 2014 ஏப்ரலில்தான் வெளியே தெரிந்தது. இரண்டு வருடமாக வள்ளம் கரையில்தான் கிடந்தது, அந்தப் பக்கம் குனிந்து பார்க்க ஆள் இல்லை.

2024இல் நடந்தது இன்னும் பெரிய கதை. எக்ஸ்இசட் என்ற சின்னத் திறந்தமூலக் கருவியை ஒருவர் தனியாகப் பல வருடம் பராமரித்து வந்தார். உதவி செய்கிறேன் என்று ஒரு புனைபெயர்க்காரன் வந்து, இரண்டு வருடத்துக்கும் மேலாக நல்ல பிள்ளையாக வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்து, கடைசியில் அதற்குள் ஒரு பின்வாசல் வைத்தான். கடவுச்சொல் இல்லாமல் இரகசியமாக உள்ளே வரும் வழிக்குத்தான் அந்தப் பெயர். அது பெரிய லினக்ஸ் வெளியீடுகளுக்குள் முழுதாகப் பரவுவதற்குள் ஆந்த்ரேஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியியலாளர் பிடித்துவிட்டார். தூரத்துக் கணினியில் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக எடுக்கிறதே என்று தோண்டிப் பார்த்தவர், மார்ச் 29ஆம் திகதி அதை உலகத்துக்கு அறிவித்தார். மூலநிரல் கையில் இருந்ததால்தான் அவரால் அவ்வளவு தூரம் தோண்ட முடிந்தது. அவர் வேலை செய்வது மைக்ரோசொப்டில். இரண்டு முகாம்களும் கீரியும் பாம்புமாக இருக்கின்றன என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சுருக்கமாக: திறந்திருப்பது ஒரு வாய்ப்பு, அதற்காகவே அது பாதுகாப்பு ஆகிவிடாது. யார் பார்க்கிறார்கள், கண்டதை எவ்வளவு விரைவாக அடைக்கிறார்கள், அடைத்ததை நாம் எப்போது நம் கணினியில் ஏற்றுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அப்படியானால் லினக்ஸில் ஏன் குறைவு?

முதல் காரணம் அனுமதி. பழைய வின்டோஸ் எக்ஸ்பியில் வீட்டில் கணினியைத் தொடும் எல்லோருமே அநேகமாக முழு அதிகாரத்தோடு இருந்தார்கள். பிள்ளை ஒரு விளையாட்டை இறக்கினால் அந்த விளையாட்டுக்கும் வீட்டின் எல்லாச் சாவியும் கிடைத்தது. லினக்ஸ் பல பேர் பகிரும் கணினிகளுக்கான யுனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் மரபிலிருந்து வந்ததால் அன்றாட வேலைக்கு ஒரு சாதாரணக் கணக்கு, கணினியையே மாற்றுவதற்குக் கடவுச்சொல் என்று பிரித்து வைத்திருந்தது. வின்டோஸும் விஸ்டா என்ற பதிப்பின் காலத்திலிருந்து, அதாவது 2007 அளவில், "இதற்கு அனுமதி கொடுக்கவா" என்று கேட்கத் தொடங்கியது. இன்றைக்கு இந்த இடைவெளி முன்பு போல் பெரியதில்லை. ஆனால் கேட்டவுடன் வாசிக்காமல் "ஆம்" தட்டுகிற கைக்கு எந்த இயங்குதளத்திலும் மருந்து கிடையாது.

இரண்டாவது காரணம்தான் என்னைக் கேட்டால் மிகப் பெரியது: நிரல் எங்கிருந்து வருகிறது? வின்டோஸில் பழகியவர் ஒரு மென்பொருள் தேவையென்றால் இணையத்தில் தேடுவார், முதலில் வரும் பச்சைப் பொத்தானை அமுக்குவார், வந்ததை ஓடவிடுவார். சந்தையில் முகம் தெரியாதவனிடம் மீன் வாங்குவது மாதிரி. உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற லினக்ஸ் வெளியீடுகளில் ஆயிரக்கணக்கான மென்பொருள்கள் களஞ்சியம் என்ற ஒரே இடத்திலிருந்து வரும். அது அந்த இயங்குதளத்தைச் செய்கிறவர்களே தொகுத்து, தங்கள் இலத்திரனியல் முத்திரை குத்தி வைத்திருக்கும் களஞ்சியசாலை. முத்திரை பொருந்தாவிட்டால் கணினி ஏற்காது. அப்டேட்டும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வழியால் வரும். கைத்தொலைபேசியில் பிளே ஸ்டோர் இருப்பது மாதிரித்தான், ஆனால் லினக்ஸில் இந்த வழக்கம் அதற்கும் பல வருடங்கள் முந்தியது. இந்த வழியை விட்டு வெளியே போகிற நாளில் பாதுகாப்பும் கூட வராது. 2016 பெப்ரவரியில் லினக்ஸ் மின்டின் இணையத்தளத்துக்குள்ளேயே ஆட்கள் புகுந்து, இயங்குதளத்தை இறக்கும் இணைப்பைப் பின்வாசல் வைத்த பிரதிக்கு மாற்றிவிட்டார்கள். இறக்கிய கோப்பை, அது மாற்றப்படவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் சலிக்காமல் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது, எண்ணிக்கை. மேசைக் கணினிகளில் பெரும்பாலானவை வின்டோஸ், லினக்ஸ் மிகச் சிறிய பங்கு. வலை வீசுகிறவன் மீன் நிற்கிற இடத்தில்தான் வீசுவான். ஆனால் இணையத்தளங்களை இயக்கும் சேர்வர்களிலும் வீட்டு ரூட்டர்களிலும் பாதுகாப்புக் கெமராக்களிலும் லினக்ஸ்தான் பெருமளவில் இருக்கிறது, அங்கே வலையும் வீசப்படுகிறது. 2016இல் மிராய் என்ற தீங்குநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாமல் விட்ட கெமராக்களையும் ரூட்டர்களையும் இலட்சக்கணக்கில் பிடித்தது. அவை ஓடியது லினக்ஸில். அன்ட்ரொயிட்டின் அடியில் இருப்பதும் லினக்ஸின் மையப் பகுதியான கருதான், வட்ஸ்அப்பில் வரும் போலிச் செயலியை இறக்கி வங்கிக் காசைப் பறிகொடுக்கிறவர்களுக்கு "லினக்ஸுக்கு வைரஸ் வராது" என்ற பேச்சு எந்த உதவியும் செய்யாது.

காசு கொடுக்க வேண்டுமா?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வியாபாரப் போட்டி இருக்கிறது. நெடுங்காலம் வின்டோஸோடு அன்டிவைரஸ் வரவில்லை, அதை விற்றே பல கம்பனிகள் வளர்ந்தன. 2006இல் விஸ்டா வரப்போகிற நேரம், வின்டோஸின் ஆழமான உட்பகுதியை வெளியார் தொட முடியாதபடி மைக்ரோசொப்ட் பூட்டியபோது மெக்காஃபி, சிமன்டெக் என்ற அன்டிவைரஸ் கம்பனிகள் எதிர்த்துக் குரல் கொடுத்தன. 2009இல் மைக்ரோசொப்ட் தானே ஓர் இலவச அன்டிவைரஸைத் தந்தது, 2012இல் வந்த வின்டோஸ் 8இலிருந்து டிஃபென்டர் என்ற பெயரில் அது கூடவே வருகிறது. மைக்ரோசொப்ட் தன் தளத்தில் தன் பொருளுக்கே இடம் கொடுக்கிறது என்று காஸ்பர்ஸ்கி என்ற அன்டிவைரஸ் நிறுவனம் 2016இல் ரஷ்யாவிலும் அடுத்த வருடம் ஐரோப்பாவிலும் முறையிட்டது, மைக்ரோசொப்ட் சில மாற்றங்களுக்குச் சம்மதித்ததும் முறைப்பாட்டை மீளப் பெற்றுக்கொண்டது. லினக்ஸ் பக்கத்தில் இந்தச் சந்தையே பெரிதாக உருவாகவில்லை. அங்கே கிளாம்ஏவி என்ற திறந்தமூல அன்டிவைரஸ் இருக்கிறது, அது அதிகமாகப் பாவிக்கப்படுவது மின்னஞ்சல் சேர்வர்களில், வின்டோஸ்காரர்களுக்குப் போகும் வைரஸை வழியிலேயே பிடிப்பதற்கு.

இந்தப் போட்டியால் சாதாரண ஆளுக்கு வந்த நன்மை, வீட்டுப் பாவனைக்கு டிஃபென்டர் போதும் என்ற நிலை. அது இயங்க வேண்டும், அப்டேட் வர வேண்டும், அவ்வளவுதான். வேறு அன்டிவைரஸ் போட்டால் டிஃபென்டர் ஒதுங்கிக்கொள்ளும் என்பதால், மூன்று மாத இலவசக் காலம் முடிந்துபோன ஏதோ ஒன்று உங்கள் கணினியில் கிடக்கிறதா என்று பாருங்கள். முடிந்துபோன காவலாளி வாசலில் நின்றால் உண்மையான காவலாளி உடனே வராமல் போகலாம்.

அப்டேட் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு 2017 ஒன்றே போதும். அந்த வருடம் மே 12ஆம் திகதி வன்னாகிரை என்ற தீங்குநிரல் சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான வின்டோஸ் கணினிகளின் கோப்புகளைப் பூட்டிக் காசு கேட்டது. யாரும் எதையும் தட்ட வேண்டியிருக்கவில்லை, வலையமைப்பு வழியாகத் தானே தாவியது. அது நுழைந்த ஓட்டைக்கு மார்ச் 14ஆம் திகதியே மைக்ரோசொப்ட் அடைப்பு வெளியிட்டிருந்தது. ஏறக்குறைய இரண்டு மாதம் அதை ஏற்றாமல் வைத்திருந்தவர்கள்தான் மாட்டினார்கள்.

எங்களூரில் யார் என்ன செய்யலாம்

பாமினி எழுத்துருவில் அழைப்பிதழும் துண்டுப்பிரசுரமும் அடிக்கிற கடைக்காரர் வின்டோஸிலேயே இருக்கட்டும். அவருடைய பக்க வடிவமைப்பு மென்பொருள் லினக்ஸில் நேராக ஓடாது, பிழைப்பை மாற்றச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் கிராக் மென்பொருளை எடுத்துவிட்டு, டிஃபென்டரை இயங்க விட்டு, அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கு ஒன்றைத் தனியாக வைக்கலாம். ஊர் முழுவதன் பென்ட்ரைவும் வந்து போகிற இடம் என்பதால் மூலையில் கிடக்கும் பழைய கணினியில் லினக்ஸும் கிளாம்ஏவியும் போட்டு, வருகிற பென்ட்ரைவை முதலில் அதில் திறந்து பார்ப்பது இன்னும் நல்லது. லினக்ஸில் அந்த வைரஸ் ஓடாது என்றாலும் அது வைரஸைச் சுமந்து அடுத்த வின்டோஸுக்குக் கொடுக்கும், அதனால் அங்கேயே அழித்துவிட வேண்டும்.

இணையம், கடிதம், பிள்ளைகளின் படிப்பு என்று மட்டும் பாவிக்கிற வீடுகளின் நிலை வேறு. வின்டோஸ் 10க்கான இலவச அப்டேட் பொதுவாக 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றுவிட்டது, பழைய லப்டொப்புகள் பலவற்றை வின்டோஸ் 11 ஏற்காது. அப்படிப்பட்ட கணினியில் அப்டேட் இல்லாத வின்டோஸையும் காசு கொடுத்த அன்டிவைரஸையும் வைத்திருப்பதைவிட, அப்டேட் வருகிற லினக்ஸ் மின்ட் பாதுகாப்பானது என்பது என் உறுதியான அபிப்பிராயம். தமிழ் அடிக்க முடியுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ரெங்கநாதன் விசைப்பலகையும் தமிழ்99உம் அதில் சேர்த்துக்கொள்ளலாம், பாமினியைக்கூட எழுத்துருவாக ஏற்றிக்கொள்ளலாம்.

அந்தப் பிள்ளை அன்றைக்கே அறிக்கையைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போனாள். பென்ட்ரைவைச் சுத்தம் செய்து கொடுக்கும்போது வீட்டுக் கணினியில் என்ன வின்டோஸ் என்று கேட்டேன். ஏழு என்றாள், அதற்கு 2020 ஜனவரியிலேயே அப்டேட் நின்றுவிட்டது. அந்தக் கணினியில் அதே வைரஸ் இருந்தால், சுத்தம் செய்த பென்ட்ரைவை அதில் செருகியதும் மறுபடியும் ஷோர்ட்கட்தான் வரும். அடுத்த சனிக்கிழமை அவளுடைய தம்பி கணினியைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டு வந்தான். முதலில் கோப்புகளை என் லினக்ஸ் லப்டொப் வழியாக எடுத்து, தெரியாத நிரல்களை விட்டுவிட்டு ஆவணங்களையும் படங்களையும் மட்டும் பிரதி செய்தோம், அப்புறம்தான் பழைய வின்டோஸை அழித்தோம்.